அறுபத்திரண்டு அடி

பூட்டிக் கிடந்த மாதா கோயிலில் மணி அடித்தது.

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

பூசைக்கு அடிக்கும் மணி துள்ளிக்கொண்டு வரும். இது ஒரு அடி, ஒரு மூச்சு, பிறகு அடுத்த அடி. துக்க மணி. எங்கள் ஊரில் இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி.

ஊரடங்கில் யார் செத்தும் அது அடிக்கவில்லை.

அப்பா தேனி ஆஸ்பத்திரியில் இறந்து முப்பத்தெட்டு நாள். கவச உடை போட்ட நாலு பேர் அங்கேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நாங்கள் முகம்கூடப் பார்க்கவில்லை.

"மணி அடிக்காம எப்படித்தா சாவாக? வந்துருவாக."

அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வேளையும் அப்பாவுக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்தாள். அவர் வந்து உட்காராமல் தானும் சாப்பிடமாட்டாள். அதட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். வற்புறுத்தினால் ரெண்டு வாய். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள். அவளையும் பறிகொடுத்துவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

வாசலுக்கு ஓடினேன்.

பஸ்ஸும் டிராக்டரும் ஓடாத ஊரில் ஒவ்வொரு அடியும் திராட்சைப் பந்தல்களைத் தாண்டி மலை வரை போய்த் திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் அந்த மணியை நான் இப்படிக் கேட்டதில்லை.

தெரு முழுக்க வாசலில் ஆட்கள். யாரும் சொல்லாமலே எல்லோரும் எண்ணினார்கள். சும்மாவே ஊரைக் கூட்டும் சுருளி மாமாகூடத் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணியபடி நின்றார்.

அறுபத்திரண்டில் நின்றது.

"அறுபத்திரண்டு. யாருக்குத்தா அடிக்கிறாக?" என்றாள் எதிர்வீட்டு முத்துப்பேச்சி அக்கா.

அது அப்பாவின் வயது.

யார் அடித்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முப்பது வருடமாக எங்கள் ஊரில் மணி அடித்தவர் ஒரே ஆள்தான். அது அப்பா.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். கோயில் சாவி தொங்கும் ஆணி காலியாக இருந்தது. அம்மா படுத்திருந்த பாயும் காலி.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள். மணிக்கயிறு உரசி இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. வலிக்க வலிக்கக் கழுவினாள்.

பிறகு அடுப்படிக்குப் போய், இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.