எதிர்மனுதாரர்

"பிழை மட்டும் பாத்து அடிச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பானுப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புகழேந்தி தலையை ஆட்டிவிட்டு, அவளுடைய விவாகரத்து மனுவை வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மனு ஏற்கெனவே மூன்று தடவை கோர்ட்டிலிருந்து திரும்பி வந்திருந்தது.

வக்கீலே வேண்டாம், தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்வது என்று அவள் முடிவு செய்து ஆறு மாதம் ஆகிறது. முதலில் பேசி வைத்திருந்த வக்கீல், எதிர்மனுதாரரின் மாமாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததைக் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கே காகிதங்களைத் திருப்பி வாங்கிவிட்டாள்.

எதிர்மனுதாரர் என்றால் அவள் புருஷன். மனு எழுதி எழுதி, மனதுக்குள்ளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. பெயரைச் சொல்வதைவிட அது நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு ஆரம்பித்தது நம்பிக்கையான ஆள் தேடுகிற கூத்து.

சூலக்கரைப் பக்கம் மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர், மனுதாரரையும் எதிர்மனுதாரரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். அவர் எழுதியபடி பார்த்தால், புருஷனை நடுத்தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தியவள் பானுப்பிரியாதான்.

அடுத்து, நாலு சட்டம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த சங்கரலிங்கம் அண்ணாச்சி. அவர் மனுவில் ஒரு பக்கத்தைத் தொலைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த விஷயம் மட்டும் தொலையாமல் விஸ்வநத்தம் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. பழக்க தோஷத்தில் மனுவின் தலையில் பிள்ளையார் சுழி விழுந்தது. கடைசியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று இருந்தது. அதைக் கவனிக்காமல் அவளும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கோர்ட்டில் மனு வாங்குகிற அம்மா சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குள் கொடுக்காவிட்டால் கோடை விடுமுறை, அப்புறம் ஜூன்தான். ஜூனில் லீவு கிடைக்காது. அவள் சரவெடி பின்னுகிற கம்பெனியில் ஃபோர்மேன், "இதுக்கு மேல லீவு கேட்டு வந்து நிக்காத தாயி" என்று சொல்லிவிட்டார். இன்றும் மனு திரும்பினால் ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை, எதிர்மனுதாரருக்குப் பெண்டாட்டியாகவே காலத்தைத் தள்ள வேண்டும்.

அதனால்தான் சிவகாசியில் இந்தக் காலண்டர் ஆபீஸ் படியை ஏறினாள்.

புகழேந்தி பதினோரு வருஷமாகத் தினசரி காலண்டருக்குப் புரூப் பார்க்கிறவர். லட்சம் வீடுகளில் தொங்குகிற தாளில் அவர் கையால் ஒரு அமாவாசை இடம் மாறியதில்லை. மற்ற விஷயத்தில் எப்படியோ, எழுத்தில் அவரை நம்பலாம். அவளுக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் அப்படி ஒரே ஆள்தான்.

"தீபாவளிக்கு மறுநாள்னு எழுதி, நவம்பர் பன்னெண்டுன்னு இருக்கு" என்றார் புகழேந்தி. "அந்த வருஷம் தீபாவளியே பன்னெண்டுதான். மறுநாள் பதிமூணு, திங்கக்கிழமை."

தேடி வந்தது வீண்போகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தலைமுடியைப் பிடித்து இழுத்தது, சோற்றுத் தட்டை எறிந்தது, கதவைச் சாத்தியது எல்லாவற்றையும் ராகுகாலம் எமகண்டம் அடிப்பதுபோல அவர் சலனமில்லாமல் அடித்துக்கொண்டு போனார். ஒற்று விட்டுப்போன இடங்களில் ஒற்று வைத்தார்.

"மூன்று முறை வீட்டை விட்டு வெளியேற்றினார்" என்ற வரியில் அவர் விரல் நின்றது.

"மூணு இல்ல, நாலு. ஆடி அமாவாசை விட்டுப்போச்சு. ரெண்டாயிரத்து இருபத்து நாலு, ஆகஸ்ட் நாலு, ஞாயித்துக்கிழமை."

பானுப்பிரியாவுக்கு எரிச்சல் வந்தது. "அதுக்குச் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாதத எழுதக் கூடாதுன்னு சொன்னாக."

"சாட்சி இருக்கு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுல, ஆனைக்குட்டம் பஸ் நிக்கிற இடத்துல, கால்ல செருப்புக்கூட இல்லாம மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்த. கூட்டிட்டு வரத்தான் வந்தேன். எதுத்த டீக்கடையில நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன்."



அன்றைக்கு அவள் நான்கு பஸ்ஸை விட்டாள். எப்படியும் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே இருக்கிறாள் என்று தெரியாததால்தான் வரவில்லை என்று எண்ணி, இத்தனை நாளாக அந்த ஒரு நாளை மட்டும் மன்னித்து வைத்திருந்தாள். மனுவில் அதைச் சேர்க்காமல் விட்டதற்குச் சாட்சி இல்லாதது மட்டும் காரணம் இல்லை.

"அதையும் போடுங்க" என்றாள்.

எதிர்மனுதாரர் என்ற இடத்துக்கு நேரே தன் பெயரையும் தகப்பன் பெயரையும் புகழேந்தி அவள் சொல்லாமலே முதலில் அடித்து வைத்திருந்தார். இப்போது ஆடி அமாவாசைக்குக் கீழே புது வரி ஒன்று வந்தது: "எதிர்மனுதாரர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்."

பானுப்பிரியா எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள்.

"'பார்த்துவிட்டு' இல்ல. 'பார்த்தும்'."

அவர் "விட்டுத்" என்பதை அழித்து, அங்கே ஒரு "ம்" போட்டார்.