கிலியானின் தொப்பி

கிலியான் குவளையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். செந்தேன் நிறம்.

வென்டெலின் வீட்டு முற்றத்தில் எல்லாரும் குவளையையே பார்த்தார்கள்.

அதிதூதர் மிக்கேல் திருநாள் பூசை முடிந்து ஊரே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம் பீர் வாங்க வேண்டாம், நானே காய்ச்சித் தருகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் வீறாப்பாகச் சொன்னவர் வென்டெலின்தான். இது கெட்டுப்போயிருந்தால் திருநாளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

தீர்ப்புச் சொல்லப்போகும் கிலியானோ நாற்பது வருஷம் பீர் ஆலையில் காய்ச்சியவர். தபால்காரன் காய்ச்சினால் தபால்தலைப் பசைதான் மணக்கும் என்று குளிர்காலம் முழுக்க ஊரைச் சிரிக்க வைத்தவர்.

வென்டெலின் முப்பத்தொரு வருஷம் தபால்காரர். ஒரு கடிதத்தைக்கூட உரிய வீட்டில் கொடுக்க மறந்ததில்லை. அதை எல்லாரிடமும் சொல்லவும் மறந்ததில்லை.

மார்ச் மாதம் பீர் காய்ச்சும் புத்தகத்தை வரிவரியாகப் படித்துத்தான் காய்ச்சினார். சமையலறையெல்லாம் பிசுபிசுத்தது. மனைவி வால்ட்ராட் இரண்டு நாள் தங்கை வீட்டில் சாப்பிட்டாள். ஆறிய பார்லிச் சாற்றை நிலவறைப் பீப்பாயில் ஊற்றினார். தீர்த்தம் தெளித்தார். மூன்று பரலோக மந்திரம் சொல்லி, கண் கலங்க, மூடியை இறுக மூடினார்.

பக்கத்தில் நின்ற கிலியான் அன்று மட்டும் கேலி செய்யவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தார். வென்டெலினின் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டு 'ஆமென்' என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலைப் பூசையிலிருந்து வென்டெலின் திரும்பியபோது கிலியான் நிலவறைப் படியேறி வந்துகொண்டிருந்தார். முந்தின நாள் தொப்பியை அங்கே மறந்துவிட்டாராம். "வயசாயிடுச்சுப்பா," என்று தலையில் இருந்த தொப்பியைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு நாளில் பீப்பாயில் நுரை கட்டியது. ஜெபத்தின் பலன் என்று வென்டெலின் சாமியாருக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு ஆறு மாதம் அது குளிரில் கிடந்தது.

இப்போது கிலியான் ஒரு மடக்கு விழுங்கினார். மீசையைத் துடைத்தார்.

"பரவாயில்ல, தபாலு."

அந்த ஊர் இருந்த பாம்பெர்க் பக்கத்தில் இதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. எல்லாப் பக்கமிருந்தும் குவளைகள் நீண்டன.

வென்டெலினுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெஞ்சுக்காரர்களுக்குப் பாடமே நடத்தத் தொடங்கினார். சூட்சுமம் எல்லாம் ஈஸ்டில்தான் இருக்கிறது; அது சேராவிட்டால் சாறு நுரைக்காது, பீராகவும் ஆகாது. பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அதைச் சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு கை வேண்டும். கிலியான் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டார்.

பாதிப் பாடத்தில் வால்ட்ராட் கூப்பிட்டு, தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளக் காரமுள்ளங்கித் துவையல் ஜாடியை எடுத்துவரச் சொன்னாள். நிலவறை ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் இருக்கிறதாம்.

இருந்தது. அதற்கும் பின்னால் இன்னொரு ஜாடி இருந்தது. காய்ச்சுவதற்கு முந்தின நாள் ஆலையில் கேட்டு வாங்கி கிலியான் கொடுத்த ஈஸ்ட். மூடியைச் சுற்றி ஒட்டிய தாள் கிழியவே இல்லை.

தீர்த்தத்தை மறக்கவில்லை. ஜெபத்தை மறக்கவில்லை.

வென்டெலின் படியில் உட்கார்ந்தார். மேலே அவருடைய பீரை ஊரே மெச்சுவது காதில் விழுந்தது.

பீப்பாயை மூடிய அந்த மார்ச் சாயங்காலம் கிலியானை வாசல்வரை வழியனுப்பியது நினைவுக்கு வந்தது. தெருமுனையில் திரும்பி, தொப்பியைத் தூக்கி ஆட்டித்தான் அவர் விடைபெற்றிருந்தார்.

வென்டெலின் மேலே போனதும் பாடத்தின் மிச்சத்தைக் கேட்டார்கள். அவர் கிலியானின் குவளையை வாங்கி விளிம்புவரை நிரப்பினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"வர்ற மார்ச்சுலயும் தொப்பிய மறந்துட்டுப் போங்கண்ணே."