கடைசி நாள் கையெழுத்து

அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கையை உறுதிசெய்ய அன்றுதான் கடைசி நாள். நாலரை மணிக்குக் கிமாராஸ் தீவிலிருந்து மாந்தோப்புக்காரர் நோனோய் தன் மகளோடு வந்து நின்றார்.

"இவளுக்குக் கிடைச்ச இடம் வேணாம் மேடம். எழுதிக் கொடுத்துடறேன்."

எழுத்தர் மிலாக்ரோஸ் விலகல் படிவத்தை எடுத்தாள். ஆனால் நீட்டவில்லை.

"ஏன் அண்ணே? மூவாயிரம் பேர் பரீட்சை எழுதி, தொண்ணூறு பேருக்குத்தான் கிடைச்சிருக்கு."

"ஹாஸ்டல்ல விடணுமாமே. இவ இல்லாம வீட்டுல சோறு இறங்காது."

"அப்பாவுக்குத்தான் மேடம் இறங்காது," என்றாள் சிறுமி. "நான் நேத்தே பெட்டி கட்டிட்டேன்."

நோனோய் மகளை முறைத்தார். மிலாக்ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலப் படகுல வந்துடுவா. நடுவுல நாலு ராத்திரிதான் அண்ணே. பிள்ளை ஆசைப்படறா, கெடுத்துடாதீங்க."

வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அவர் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனதும் மிலாக்ரோஸ் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"இடம் காலியாகலடி."

"காத்திருப்புப் பட்டியல்ல நான்தானேம்மா முதல் ஆள்?" என்றாள் அவள் மகள். "அந்தத் தீவுப் பொண்ணு இன்னும் வரலைன்னு மத்தியானம் சொன்னியே."

"வேணாம்னு சொல்லத்தான் வந்தாங்க. நான்தான் பேசிச் சேர்த்துவிட்டேன்."

மறுமுனையில் பாத்திரத்தை நங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ இப்படித்தான் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் மகள். "இன்னிக்கு சினிகாங் குழம்புல புளிப்பை ரெண்டு மடங்கு போடப் போறேன். முகத்தைச் சுளிக்காம சாப்பிடணும்."