ஆற்றைப் பார்த்த தகடு

சோலார் தகடு மறுபடியும் ஆற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தது. போன வாரம்தான் நசர்ஷோ அதைத் தெற்கு முகமாக வைத்து, ஸ்டாண்டின் போல்ட்டுகளை இறுக முடுக்கிவிட்டுப் போயிருந்தான்.

தகடு தானாகத் திரும்புகிறது, அந்த வீட்டில் ஜின் புகுந்திருக்கிறது என்று ஊரில் பேச்சு. சவ்சன் பெரியம்மா ஒருத்திதான் இருக்கிறாள். முழங்கால் வலிக்காரி, அவளா கூரையேறப் போகிறாள்?

நசர்ஷோ ஸ்பானரை எடுத்தான்.

"தொடாதே!" பெரியம்மா மூச்சிரைக்க ஏணியில் ஏறி வந்தாள். "நான்தான் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினேன்."

"பாதி வெயில் வீணாப்போகுது பெரியம்மா. பேட்டரி எப்படி ஏறும்?"

"ஏறலைன்னா போகுது. உச்சிப் பொழுதாச்சு, இப்ப கூப்பிடும் பாரு."

எல்லையாக ஓடும் பஞ்ச் ஆற்றுக்கு அக்கரையில், ஆப்கன் சரிவில்தான் அவள் மகள் ஜேவர் வாழ்க்கைப்பட்ட வீடு. எல்லையை மூடியபின் சரக்கு லாரி மட்டுமே பாலம் தாண்டும். போனுக்கும் சிக்னல் கிடையாது.

அக்கரை வீட்டுக் கூரையில் ஒரு தகடு பளிச்சென்று மின்னி அணைந்தது. மறுபடியும் மின்னியது.

நசர்ஷோ ஸ்பானரைக் கீழே வைத்தான். ஜேவர் பனிக்காலத்திலேயே பிரசவத்தில் இறந்துவிட்டாள். நசர்ஷோ சரக்கு இறக்கப் போனபோது அவள் புருஷன் குர்போனே பாலத்தில் வைத்து அழுதுகொண்டு சொன்னான். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

பெரியம்மா தகட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். வெளிச்சம் ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தது.

"பதில் போகலைன்னா பிள்ளை சாப்பாட்டுல கை வைக்காது" என்றாள்.

அவனால் பொறுக்க முடியவில்லை. "பெரியம்மா... அங்க மினுக்குறது ஜேவர் இல்ல. ஜேவர் வந்து..."

"அது குர்போன்." அவள் அக்கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் பொண்ணு மினுக்குனா வெளிச்சம் துள்ளும்டா. பனி உருகுறதுக்கு முன்னாடியே அது நின்னுபோச்சு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுது."

நசர்ஷோ ஸ்டாண்டின் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டான். "அப்புறம் எதுக்குப் பெரியம்மா தினமும் ஏறி...?"

அக்கரையில் இன்னொரு முறை மின்னியது. பெரியம்மா பதில் கொடுத்து முடித்துவிட்டு, முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்னு மருமகன்கிட்ட சொல்லிராதே தம்பி. தாங்கமாட்டான்."