செங்கல் கோயிலில் ஒரு கும்பிடு

அரிசி மில் சுகாலு ராம், அத்தனை பெரிய தொப்பையையும் மடக்கிக் குனிந்து, லோமஷின் இரண்டு கால்களையும் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

சிர்பூர் செங்கல் கோயிலுக்கு வந்திருந்த கூட்டத்தில் யாரும் அதிசயப்படவில்லை. சத்தீஸ்கரில் தங்கச்சி மகனைக் கண்டால் தாய்மாமன் கால்தொட்டுக் கும்பிடுவது வழக்கம். கோசலை இந்த மண்ணில் பிறந்தவள், அவள் பெற்ற ராமன் ஊருக்கே தங்கச்சி மகன் என்பது இவர்கள் கணக்கு.

லோமஷ்தான் பதறிப்போய் ஓரடி பின்வாங்கினான். அவன் வந்தது சுகாலுவின் மகள் ஹேமினைக் கட்டிக்கொள்ள. 'கோயிலுக்குத் தற்செயலா வந்த மாதிரி வா, அப்பாகிட்ட நல்ல பேர் வாங்கு, மத்ததை நான் பாத்துக்கறேன்' என்பது அவள் போட்ட திட்டம்.

சுகாலு கோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் போன சமயத்தில், ஹேமின் அவனைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கப்பாகிட்ட என்னடா சொல்லித் தொலைச்ச?"

"'எங்க ஊர் பிர்கோனி'ன்னு சொன்னாரு. எங்கம்மா பொறந்ததும் பிர்கோனிதான்னு ஒரு பிட்டு போட்டேன். கொஞ்சம் ஒட்டுறவா இருக்கட்டுமேன்னு..."

"மடையா! அவர் ஊர்ப் பொண்ணுன்னா அவருக்குத் தங்கச்சி. நீ தங்கச்சி மகன். எனக்கு அண்ணன்! இனி ராக்கி கட்டறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல." மாமன் மகளைக் கூடப்பிறந்தவளாக நினைக்கும் சாதி அவர்களுடையது. "நீ சொன்னப்புறம்தானே கால்ல விழுந்தார்?"

"முன்னாடியா பின்னாடியா, யாருக்குடி ஞாபகம் இருக்கு? அவர் குனிஞ்சதுமே எனக்குத் தலை சுத்திடுச்சு."

"போய் எப்படியாவது உறவை அறுத்துவிடு. போ!"

அவன் ஓடினான். சுகாலு அதற்குள் தோண்டியெடுத்த பழைய கடைவீதிக்குப் போய், தானியக் குழி ஒன்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க தம்பி, அந்தக் காலத்துலயும் என்னை மாதிரி ஒருத்தன் நெல்லைப் பதுக்கியிருக்கான்!" என்று அவரே சொல்லி அவரே குலுங்கினார்.

லோமஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "ஐயா, எங்கம்மா பிர்கோனியில பொறக்கல. அங்க படிச்சாங்க, அவ்வளவுதான்."

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சா எங்க ஊர்ப் பொண்ணுதானே!"

"முழுசாப் படிக்கக்கூட இல்லைங்க. பஸ்ஸுல அந்த வழியாப் போயிருக்காங்க."

"ஜன்னல் பக்கமா உக்காந்திருந்தாங்களா?"

"...ஆமாங்க."

"அப்ப எங்க ஊர்க் காத்து பட்டிருக்கே! விட்டுடுவோமா?"

பின்னால் வந்த ஹேமினின் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. ஹேமினோ, அண்ணன் கிடைத்த துக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சுரங்க மேட்டுக் கோயிலுக்கு வந்தார்கள். அதன் படிகள் எந்தக் காலத்திலோ பூமி குலுங்கியதில் அலை அலையாக நெளிந்து கிடந்தன. சுகாலு லோமஷின் கையைப் பற்றிக்கொண்டு ஏறினார். "மெதுவா, மெதுவா! நீங்க விழுந்து வெச்சா உங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

அவ்வளவு அக்கறையை லோமஷால் தாங்க முடியவில்லை. பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"ஐயா, நான் சொன்னது பச்சைப் பொய். எங்கம்மா ஊர் ராஜிம். பிர்கோனி பக்கம் அவங்க தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல. சத்தியமா நான் உங்களுக்குத் தங்கச்சி மகன் இல்ல. ஹேமினைக் கட்டிக்கணும்னுதான் வந்தேன். அடிக்கறதுன்னா அடிங்க, அவளுக்கு அண்ணனா மட்டும் ஆக்கிடாதீங்க!"

கீழே ஹேமின் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

சுகாலு படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்க, மீசை குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தார். "ராஜிம்னு எனக்குத் தெரியாதா? போன வாரம் உங்க வீட்டுல உக்காந்து, உங்கம்மா கையால சூடா அரிசிமாவு சீலா தோசை சுட்டுப் போடச் சொல்லித் தின்னுட்டு வந்தவன் நான். பிள்ளைங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னு சொன்னேன், அந்தம்மா வாக்கைக் காப்பாத்திட்டாங்க."

லோமஷ் வாயைப் பிளந்தான். "அப்ப... எல்லாம் தெரிஞ்சும் எதுக்குங்க என் காலைத் தொட்டுக் கும்பிட்டீங்க?"

"ஏன் தம்பி, மாப்பிள்ளை காலையும் தொட்டுக் கும்பிடறது நம்ம வழக்கம்தானே?"