பழைய மாடல் கண்கள்

ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் செயற்கைக் கண்கள் சர்வரில் லாகின் ஆனால்தான் பார்வை கிடைக்கும். பழைய மாடல் கண்கள் தங்கள் அடையாள எண்ணைத் தலைகீழாக அனுப்பும். அதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் நிரல் வரியை, இனி யாரிடமும் அந்த மாடல் இல்லையென்று நம்பி, தேன்மொழி அப்போதுதான் அழித்திருந்தாள்.

உடனே கணவன் சேந்தனிடமிருந்து போன் வந்தது. "தேனு, ஒரே இருட்டுடி! நடுரோட்டுல நிக்கிறேன்."

வெளியே வெயில் கொளுத்தியது. அவள் கீபோர்டை இழுத்தாள். "புதுக் கண்ணு மாத்திட்டேன்னு சொன்னீங்களே!"

"ஆபரேஷனுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

அழித்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். "இப்ப கண்ண மூடித் திறங்க!"

பிரேக் கிரீச்சிட்டது. லாரிக்காரன் கத்தினான்: "யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"தெரியுதுடி," என்று சேந்தன் அழுதான்.

தேன்மொழியின் திரையில் பழைய கண்கள் ஒவ்வொன்றாக லாகின் ஆயின. மூன்று ஜோடிக் கண்கள் மட்டும் இமைக்கவே இல்லை.