வெள்ளிக்கிழமை நடுக்கம்

“ஏனுங்க தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இன்னும் குளிக்கலீங்களா? ஜும்மாவுக்கு நேரமாச்சு!”

வாடகைக்கு விட்டிருந்த மாடி அறையின் கதவைத் தட்டினாள் வீட்டுக்காரி யமுனா. உள்ளேயிருந்து யாசீனின் குரல் மட்டும் வந்தது.

“ரொம்பக் குளிருதுங்கக்கா. உடம்பெல்லாம் நடுங்குது.”

“கொல்லிமலைன்னா குளிரத்தான் செய்யும். வெந்நீர் வெச்சிருக்கேன், வாங்க.”

நகம் வெட்டி, குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தரும் பூசிக்கொண்டு வந்து நின்றான். நடுக்கம் மட்டும் நிற்கவில்லை.

“அக்கா, இந்த ஒரு வாரம் போகாம இருந்துட்டா என்னங்க?”

“நல்லாருக்குதுங்க உங்க பேச்சு! கடைக்காரங்க எல்லாம் கடையை அடைச்சுட்டுப் பள்ளிவாசலுக்கு வந்துருவாங்க. உங்களைத் தேட மாட்டாங்களா?”

“போனா எல்லாரும் என்னையே பாப்பாங்க. அதாங்க பயம்.”

யமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“புதுசா வந்த இமாமைப் பாக்காம வேற யாரைப் பாப்பாங்க? முதல் பிரசங்கம்னா அப்படித்தான் இருக்கும்.”

“நடுவுல ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டா?”

“நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறவங்க வாயே திறக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் யாரு குறுக்க பேசப் போறாங்க?”

யாசீனின் முகம் மலர்ந்தது. “அட, ஆமாங்கக்கா!” செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினான்.

யமுனா பெருமூச்சு விட்டாள்.

“ஹும், கொடுத்து வெச்சவரு. கல்யாணமான நாள்ல இருந்து எங்கூட்டுக்காரர்கிட்ட நான் ஒரு பேச்சைக்கூட முழுசா…”

“யாரு சொன்னா?” என்று கீழேயிருந்து குறுக்கிட்டது கணவரின் குரல்.